வல்லவனுக்கு எதுக்கு வல்வில்?

லாரிக்கு வயசாகும் என்பதை நாமக்கல்லில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. அதுக்கு மேலே வருஷா வருஷம். பழைய வண்டியில் புது வண்டி லோடை ஏற்றினால் என்ன ஆகும் என்று கிளீனர் பையனைக் கேட்டாலே சொல்லிடுவான். காமர்ஸ் முதல் வருஷம் படிக்கிறவனும் சொல்வான்: மெஷின் வாங்கினால் அடுத்த வருஷமே தேய்மானம் எழுது.

ஆனால் வில்லைக் கையில் எடுத்தவர்களில் பலர் தங்கள் தோளுக்கு மட்டும் தேய்மானம் எழுதுவதே இல்லை. முப்பது வயதில் இழுத்த 55 பவுண்டு வில்லைத்தான் அறுபதிலும் இழுப்பேன் என்று ஒரே அடம். குறைத்தால் கௌரவக் குறைச்சலாம்! அது கௌரவம் இல்லை, வறட்டுப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால் வில்வித்தைக்கும் நஷ்டம், வில்லாளிக்கும் நஷ்டம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வில்லில் "இத்தனை பவுண்டு" என்று எழுதியிருப்பது அதன் டிரா வெயிட், அதாவது இழுவிசை. நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்ற கணக்கு. 55 பவுண்டு என்றால் 25 கிலோ. மளிகைக் கடையில் வாங்கும் ஒரு அரிசிச் சிப்பம். அதை மூணு விரலால் இழுத்து, தாடை வரைக்கும் கொண்டுவந்து, ஆடாமல் நிறுத்தி, குறி பார்த்து விட வேண்டும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் முழுசாக இழுத்த பிறகு பாரம் பெருமளவு குறைந்துவிடும். மரத்தாலோ மூங்கிலாலோ செய்த பாரம்பரிய வில்லில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், உச்சத்தில்தான் முழு எடையும் தோளில் உட்காரும்.

இப்போ நம்ம ஊர் ஹீரோவுக்கு வரலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலைதான் வல்வில் ஓரியின் மலை. மேலே செம்மேட்டில் அவனுக்குச் சிலை. ஆடி 17, 18 வந்தால் அரசு விழா, கூடவே வில்வித்தைப் போட்டி. கீழே ராசிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் அவன் சிலை உண்டு. யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போன ஒரே அம்பு, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 152-வது பாட்டு.

இந்த ஒரு அம்புதான் இன்றைக்கு வில் பிடிக்கிறவர்கள் மண்டைக்குள்ளும் புகுந்திருக்கிறது. "வல்வில்" என்றால் பலமான வில், பலமான வில் என்றால் அதிகப் பவுண்டு, அதிகப் பவுண்டு என்றால் வீரம். கணக்கு முடிந்தது!

அதே பாட்டை முழுசாகப் படித்தால் வேறு ஆள் தெரிகிறான். ஓரியின் வில் எத்தனை பவுண்டு என்று வன்பரணர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருப்பது, பாணர்கள் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்ததும் அவன் வெட்கப்பட்டான் என்பதையும், வேட்டையில் கிடைத்த கறியோடு பொன்னையும் அள்ளிக் கொடுத்தான் என்பதையும்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பேர் வாங்கியது கொடுத்ததற்காக. புகழ்ந்தால் கூசிய மனுஷன் பெயரைச் சொல்லிக்கொண்டு, "என் வில் எத்தனை பவுண்டு தெரியுமா?" என்று மார் தட்டுவது வேடிக்கைதான். :-)

இன்னொன்று. ஓரி, மலையமான் திருமுடிக்காரியோடு மோதிப் போர்க்களத்தில் செத்தவன். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லும் அம்புமாக நிற்கிறவர்களும் சண்டையில் விழுந்தவர்கள்தான். நடுகல் ஆனவர்கள் யாரும் பிசியோதெரபிக்கு அலைவதில்லை. பேத்தியைத் தூக்க முடியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் இல்லை. களத்தில் செத்தவனை அளவுகோலாக வைத்துக்கொண்டு வீட்டில் வயசாகிறவர் வில் தேர்ந்தெடுக்கலாமா?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "இது வேட்டை வில்லுங்க. பவுண்டு குறைஞ்சா மிருகம் விழாது."

எந்த மிருகம்? 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. கொல்லிமலையிலோ சேர்வராயன் மலையிலோ ஒரு மான் மேல் அம்பு விட்டால் கிடைப்பது பாட்டு இல்லை, வழக்கு. இங்கே வேட்டை வில்லுக்கு மிஞ்சியிருக்கும் இரை வைக்கோல் பலகையும், மிருகம் மாதிரி செய்த ஃபோம் பொம்மையும்தான். ஃபோம் பொம்மைக்கு விலா எலும்பு கிடையாது. உலக வில்வித்தை சம்மேளனத்தின் 3டி போட்டியில் பாரம்பரிய வில்லுக்கு அதிகபட்ச தூரமே 30 மீட்டர். நம்ம நாட்டு மூங்கில் வில்லுக்கென்றே நடக்கும் இந்தியன் ரவுண்டில் 50 மீட்டரும் 30 மீட்டரும். இதற்கு எதற்கு யானையைத் துளைக்கும் வில்?

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளையே பார்ப்போமே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை 30 முதல் 40 பவுண்டு அளவில்தான். அந்த நாட்டு யாஹி பழங்குடியின் கடைசி மனிதர் இஷி, 1911-ல் காட்டைவிட்டு வெளியே வந்தவர். அவரோடு சேர்ந்து வேட்டைக்குப் போன டாக்டர் சாக்ஸ்டன் போப் 1923-ல் எழுதிய புத்தகம்தான் நவீன வில் வேட்டைக்காரர்களின் வேதம். வாழ்நாள் முழுக்க வில்லால் சோறு தின்ற இஷியின் வில் நாற்பது சொச்சம் பவுண்டு. அவர் நம்பியது பவுண்டை இல்லை. சத்தம் போடாமல் பக்கத்தில் போவதை, முயல் மாதிரி குரல் கொடுத்து மிருகத்தை வரவழைப்பதை. பொறுமைசாலிக்கு நாற்பது போதும்.

அடுத்த வாதம்: "பவுண்டு குறைஞ்சா அம்பு தொய்ஞ்சு போகும்." பாதி உண்மை, பாதி கணக்குத் தெரியாத பேச்சு. 55 பவுண்டு வில்லுக்கு 550 கிரெயின், அதாவது சுமார் 36 கிராம் எடையில் அம்பு போடுகிறவர், 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், சுமார் 26 கிராம் அம்பு போடட்டும். ஒரே மாதிரி வடிவமைத்த வில்லாக இருந்தால் ரெண்டு அம்பும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும். பாதையும் ஏறக்குறைய அதேதான். குறைவது அடிக்கும் வலு மட்டும். வைக்கோல் பலகைக்கு அது ஒரு விஷயமே இல்லை. பழைய கனத்த அம்பையே புது வில்லிலும் போட்டுவிட்டு "பார்த்தியா, விழுது" என்றால் தப்பு வில் மேல் இல்லை.

இப்போ உடம்புக் கணக்கு. முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடுகிறது என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. குறைந்து செல் மதிப்பு முறையில் 8 சதவீதம் போட்டுப் பாருங்க. முப்பதில் 55 பவுண்டு, அறுபதில் சுமார் 43 பவுண்டு. அதுவும் தசையின் அளவு மட்டும். பலம் அதைவிட வேகமாகக் குறையும். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநாண்கள் வயசாக ஆக நைந்துபோகும், கிழிந்தால் ஆற மாசக்கணக்காகும். சிலருக்கு வலியே இல்லாமல்கூடக் கிழிந்திருக்கும்.

கூட்டியும் பார்க்கலாம். ஒரு தகுதிச் சுற்றுக்கு 72 அம்பு. 55 பவுண்டில் தோள் இழுக்கும் மொத்தப் பாரம் கிட்டத்தட்ட 1,800 கிலோ. 40 பவுண்டில் 1,300 கிலோ. வித்தியாசம் அரை டன், இருபது சிப்பம் அரிசி. அறுபது வயசுக்காரரை ஒரே காலையில் இருபது சிப்பம் இறக்கச் சொன்னால் வீட்டில் விடுவார்களா?

"இங்கிலாந்துக்காரன் நூறு பவுண்டுக்கு மேல் இழுத்தானே" என்பார்கள். இழுத்தான். 1545-ல் மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்களின் இழுவிசை நூறு பவுண்டுக்கு மேல் என்றுதான் கணித்திருக்கிறார்கள். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை இளவட்டங்களுடையவை. தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே நின்றுபோன கூடுகள் வழக்கத்தைவிட அதிகம். சின்ன வயசிலிருந்து கனத்த வில் இழுத்ததன் அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வில் பழகச் சொல்லிக் கட்டாயப்படுத்திய எட்டாம் ஹென்றியின் 1541-ம் வருஷச் சட்டம்கூட அறுபது வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். சண்டைக்கு ஆள் சேர்த்த ராஜாவே அறுபதானவரை விட்டுவிட்டான். நம்ம ஆள்தான் தன்னைத் தானே விடமாட்டேன் என்கிறார்!

"குறைப்பது தோற்றுப்போவது மாதிரி" என்பதுதான் கடைசி வாதம், உண்மையான வாதமும் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை. உலக சம்மேளனமே ஐம்பது தாண்டியவர்களுக்கு ரிகர்வ் தூரத்தை 70 மீட்டரிலிருந்து 60 மீட்டராகக் குறைத்து வைத்திருக்கிறது. அது அவமானம் இல்லை, விதி. துரோணர் வைத்த பரீட்சையிலும் கேள்வி மரத்திலிருந்த பறவையின் கண் தெரிகிறதா என்பதுதான். எத்தனை பவுண்டு இழுப்பாய் என்று அவர் கேட்கவில்லை.

சக்திக்கு மீறிய வில்லை எடுத்தவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி இழுப்பார். தாடைக்கு வருவதற்குள் விட்டுவிடுவார். இருபதாவது அம்புக்கு மேல் முகம் சிவக்கும், அம்பு சிதறும். மேலே பார்த்து இழுக்கும்போது நாண் வழுக்கினால் அம்பு மைதானச் சுவரைத் தாண்டிப் போகும். தோள் அவருடையது, அவர் இஷ்டம் எனலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் தலை அவருடையது இல்லையே. பக்கத்தில் நின்று பார்க்கும் பன்னிரண்டு வயசுப் பையனும் அதைத்தான் வீரம் என்று கற்றுக்கொள்கிறான்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? சிம்பிள்தான்.

1. வில்லைக் குறிக்கு நேராகவே வைத்து மெதுவாக இழுங்க. வானத்தைப் பார்க்காமல் இழுக்க முடியவில்லை என்றால் அந்த வில் அதிகம்.

2. முழுசாக இழுத்து ஏழெட்டு விநாடி நிறுத்துங்க. கை நடுங்கினால் ஐந்து பவுண்டு இறங்குங்க. மறுபடி சோதிங்க.

3. முதல் ஆறு அம்பையும் கடைசி ஆறு அம்பையும் ஒப்பிடுங்க. கடைசி ஆறு சிதறினால் குறை கண்ணில் இல்லை, பவுண்டில்.

4. 28 அங்குலம் என்று எழுதியிருப்பதை மறக்காதீங்க. ஒரு அங்குலம் குறைவாக இழுத்தால் ரெண்டு மூணு பவுண்டு குறையும். வயசானால் இழுக்கும் நீளமும் குறையலாம். ஆக, தராசில் மாட்டி அளந்ததுதான் நிஜம், வில்லில் எழுதியது இல்லை.

5. பூட்டிக் கழற்றும் வில்லாக இருந்தால் கைப்பிடியை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றினால் போதும், செலவு மிச்சம். கொஞ்சம் நீளமான வில் இழுக்க இதமாக இருக்கும்.

6. வில்லை மாற்றினால் அம்பையும் மாற்றணும். மெலிந்த வில்லுக்கு விறைப்பான அம்பு ஒத்துவராது, வலது கைக்காரருக்கு இடது பக்கம் ஒதுங்கும்.

பலம் ஏற்றணும் என்ற ஆசை இருந்தால் அதற்கு ரப்பர் பட்டையும் உடற்பயிற்சியும் இருக்கு. வில் என்பது பலத்தைச் சோதிக்கும் மெஷின் இல்லை.

55 பவுண்டில் பிடிவாதமாக நின்று ஐம்பத்தெட்டு வயசில் தோள் கிழிந்து வில்லைப் பரணில் போட்டவரையும், 35 பவுண்டுக்கு இறங்கி எழுபத்தைந்து வரைக்கும் விட்டவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. யார் அதிக அம்பு விட்டது? யார் நாலு பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தது? ஐந்தொகையில் யார் பக்கம் லாபம்? முதலாமவர் காப்பாற்றியது ஒரு நம்பரை. ரெண்டாமவர் காப்பாற்றியது ஒரு வித்தையை.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் நம்ம ஆட்கள். 35 பவுண்டு வில் ஒன்றும் புல் இல்லையே.

டிஸ்கி: ஏற்கெனவே தோள் வலி இருப்பவர்கள் பவுண்டைக் குறைத்துவிட்டு அப்படியே தொடராதீங்க. முதலில் எலும்பு மூட்டு டாக்டர், அப்புறம்தான் வில்.