கொழுப்பைக் கரைக்குமா பச்சைத் தேயிலை மாத்திரை?



பேராக்கிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருடைய மகளுக்கு 26 வயது. தொழிற்சாலையில் வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் இரண்டு வருடத்தில் உடம்பு போட்டுவிட்டது. கூட வேலை செய்யும் ஒரு பெண் பச்சைத் தேயிலை மாத்திரை விற்கிறாளாம். போத்தல் 180 வெள்ளி. தவணை முறையில் மூன்று போத்தல் வாங்கிவிட்டாள். காலையில் பசியாறாமல், வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறாள். இப்போது அம்மாவையும் சாப்பிடச் சொல்கிறாள். இனிப்பு நீருக்கும் இது நல்லதாம். கிளினிக்கில் கொடுக்கும் மருந்தை இனி விட்டுவிடலாமாம். அந்த அம்மாவுக்கு இனிப்பு நீரும் உண்டு, இரத்த அழுத்தமும் உண்டு. “சாப்பிடலாமா வாத்தியார் ஐயா?” என்று கேட்கிறார்.

அம்மா, முதல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக் மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். பச்சைத் தேயிலை மாத்திரை எதுவும் இனிப்பு நீர் மருந்துக்கு மாற்றாகாது. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் செய்ய வேண்டிய காரியம்.

இனி மாத்திரைக்கு வருவோம். பலர் கேட்கிற கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பச்சைத் தேயிலை என்பது தனிச் செடி அல்ல. நாம் கடையில் வாங்கும் கறுப்புத் தேயிலையும் அதுவும் ஒரே செடியின் கொழுந்துதான். 1929ஆம் ஆண்டு முதல் கேமரன் மலையில் நம்மவர்கள் கிள்ளிய அதே கொழுந்து. அதை வாடவைத்து, கசக்கி, காற்றுப் படவிட்டால் நிறம் மாறிக் கறுப்புத் தேயிலை ஆகிறது. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டிவிட்டால் பச்சையாகவே நிற்கிறது. அப்படி நிற்பதால் ‘கேட்டச்சின்’ என்ற சத்துகள் அதில் அதிகம் தங்குகின்றன. அவற்றில் முக்கியமானதை இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கோப்பியில் உள்ள காஃபினும் இதில் உண்டு.

இந்த இரண்டும் சேர்ந்து கொழுப்பை எரிக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய் அல்ல. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஓர் அறையில் 24 மணி நேரம் இருக்கவைத்து, அவர்கள் விடும் மூச்சைக் கொண்டு உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளந்தார்கள். பச்சைத் தேயிலைச் சாரம் சாப்பிட்ட நாளில் அந்தச் செலவு சுமார் 4 விழுக்காடு கூடியிருந்தது. எரிந்ததில் கொழுப்பின் பங்கும் கூடியிருந்தது. கொழுப்பை வெளியே எடுக்கச் சொல்லி உடம்புக்குக் கட்டளையிடும் நரம்புச் சத்து ஒன்று உண்டு. கேட்டச்சின் அதைச் சீக்கிரம் அழியவிடாமல் வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விற்பவர்கள் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். நாம் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த 4 விழுக்காடு என்பது ஒரு நாளைக்குச் சுமார் 80 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சீனியில் 20 கலோரி. ஆக, மாத்திரை ஒரு நாள் முழுவதும் பாடுபட்டு எரித்தது நான்கு தேக்கரண்டிச் சீனியைத்தான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக் குறைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். 80 கலோரி வீதம் 30 நாளைக்கு 2,400. ஒரு மாதம் விழுங்கினால் ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையாது. அதுவும் சாப்பாடு ஒரு கைப்பிடியும் கூடாமல் இருந்தால்!

நடைமுறையில் அவ்வளவுகூடக் குறையவில்லை. உலகில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் என்ற அமைப்பு, உடல் பருமன் உள்ள பெரியவர்களிடம் நடந்த 18 ஆராய்ச்சிகளை 2012இல் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1,945 பேர். அவற்றில் ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தபோது, பச்சைத் தேயிலை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இருந்த எடை வித்தியாசம் 0.04 கிலோ. அதாவது 40 கிராம். ஜப்பானில் நடந்த சிலவற்றில் கூடுதலாகக் குறைந்தது உண்மை. ஆனால் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மொத்தத்தில் பார்த்தால், குறைவது மருத்துவக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை என்பதே அவர்கள் முடிவு.

“பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே, இலைதானே?” என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் அந்த மகளை எண்ணி எனக்குக் கவலை.

தேநீராகக் குடிப்பது வேறு, சாரத்தை வடித்து மாத்திரையாக விழுங்குவது வேறு. பச்சைத் தேநீர் குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் சேரும் இ.ஜி.சி.ஜி. சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம். மாத்திரைகளில் சிலவற்றால் 1,000 மில்லிகிராம் வரை உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களின் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிக்கப்படுவதற்கான அறிகுறி தெரிந்தது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. அதற்கு முன்பே, 2003இல், பச்சைத் தேயிலைச் சாரத்தால் செய்த ஒரு மெலிவு மாத்திரை கல்லீரலைக் கெடுத்ததால் பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. மிகச் சிலருக்கே ஆகிறது. ஆனால் அந்தச் சிலரில் ஒருசிலருக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை வரை போயிருக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வெறும் வயிற்றில் விழுங்கினால் இந்தச் சத்து இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறுகிறது. அதனால்தான் 2022இல் வந்த ஐரோப்பியச் சட்டம், ‘வெறும் வயிற்றில் சாப்பிடக்கூடாது, கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், 18 வயதுக்குக் குறைந்தவர்களும் சாப்பிடக்கூடாது’ என்று போத்தலில் அச்சிட வேண்டும் என்கிறது. பசியாறாமல் மாத்திரையை விழுங்கும் நம் பெண் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ, வாந்தி வருவதுபோல் இருந்தாலோ, வலது விலாவின் கீழ் வலித்தாலோ அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது போத்தலையும் கையில் கொண்டுபோங்கள்.

இன்னொரு சங்கதி. மெலிவு மருந்து என்று விற்கப்படுபவற்றில், போத்தலில் எழுதாத மருந்தைக் கலந்துவிடும் மோசடியும் நடக்கிறது. ‘சிபுட்ராமின்’ என்பது அப்படி ஒன்று. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிசெய்கிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது நேரே ஆபத்து. இரண்டே நாளில் பசி அடங்கி, நெஞ்சு படபடக்கிறது என்றால் அது வெறும் தேயிலையாக இருக்காது என்று சந்தேகப்படுங்கள். நம் நாட்டில் மருந்தாகப் பதிவானவற்றில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். இல்லாததை வாங்கவே வேண்டாம். இருந்தாலும், இளைக்கவைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

சரி, உடம்பு குறைய என்னதான் வழி?

நம் பெரியவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கி நடந்தார்கள். சோற்றை அள்ளிச் சாப்பிட்டாலும் வேலை அதை எரித்தது. இன்று பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிள். சோறும் சீனியும் மட்டும் பழைய அளவிலேயே நிற்கின்றன. விளைவைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் மற்ற இனத்தாரைவிட நம் இந்தியர்களிடையேதான் இனிப்பு நீர் அதிகம்; நூற்றுக்கு 31 பேர்.

கடையில் கலக்கும் ஒரு தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டிக் கட்டிப்பால் என்று வைத்துக்கொண்டாலே 130 கலோரி. ஒரு நாளில் மூன்று குவளை என்றால் ஏறக்குறைய 400. அந்த விலையுயர்ந்த மாத்திரை எரிப்பதைப்போல் ஐந்து மடங்கு! மூன்று குவளையையும் தே ஓ கொசோங் ஆக்கினால், 180 வெள்ளியும் மிச்சம், 400 கலோரியும் மிச்சம்.

மனத்துக்குத் தெம்பு தரும் ஒரு செய்தியும் உண்டு. அது நம் இனத்தார் வாழும் சென்னையில் நடந்தது. இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்ட ஆராய்ச்சி, 2006இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குச் சொன்னது இவ்வளவுதான்: தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், சீனி, எண்ணெய், வெள்ளை மாவுப் பண்டங்களைக் குறையுங்கள், நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுங்கள். சுமார் 30 மாதங்களில், ஒன்றும் செய்யாத பிரிவினரைவிட இவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் இறங்காவிட்டாலும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உள்ளே தம் வேலையைச் செய்திருக்கின்றன. ஆகவே, எடை குறையவில்லையே என்று மனம் விட்டு நடையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. தையல் நாடாவால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. அதற்குமேல் போனால் எச்சரிக்கை.

2. சீனியை வாரம் ஒரு கரண்டி வீதம் குறையுங்கள். நாக்குப் பழகிவிடும்.

3. தட்டில் பாதி கீரை, காய்கறி. கால் பாகம் சோறு. கால் பாகம் மீன், கோழி அல்லது பருப்பு.

4. வேலை முடிந்து அரை மணி நேரம் நடை. தாயும் மகளும் சேர்ந்து நடந்தால் பேச்சுத் துணையும் ஆயிற்று.

5. பச்சைத் தேநீர் பிடித்தால் சீனி இல்லாமல் ஒன்றிரண்டு குவளை குடியுங்கள், குற்றமில்லை. இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். தேநீர் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ‘வார்ஃபரின்’ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

கடைசியாக அந்த மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நீ நினைத்தது நல்ல நினைப்பு. தாய்க்கும் நல்லது நடக்க வேண்டும் என்றுதான் மாத்திரையை நீட்டினாய், அதுவும் பாசம்தான். மிச்சமுள்ள போத்தலை மூடி வைத்துவிடு. காலையில் பசியாறிவிட்டுப் போ. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம். இந்த மாத்திரையைச் சாப்பிட்டதைச் சொல்லி, கல்லீரலுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேள். வீட்டில் இனிப்பு நீர் இருப்பதால் சீனி அளவையும் பார்த்துக்கொள். அம்மாவையும் கூட அழைத்துப் போ. தவணைப் பணம் போனது போகட்டும். அதைவிட உங்கள் இருவர் உடம்பும் பெரிது.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.