கேட்பது யார்?

ஆண்ட்ராய்டு போனில் ஒரு புரோகிராம், "இந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்வது வேறொரு புரோகிராம். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாது. நடுவில் செய்தியைச் சுமந்து செல்வது 'கெர்னல்' என்னும் ஆதார அமைப்பு. இதற்கென்றே அதில் உள்ள பகுதியின் பெயர் 'பைண்டர்'.

இருப்பிடத்தை எல்லாருக்கும் சொல்லிவிடலாமா? கூடாது. கேட்பது யார் என்று தெரியவேண்டும். கேட்டவரையே விசாரித்தால் போதுமே என்பீர்கள். அவர் பொய் சொன்னால்? ஆகவே பைண்டர் அவரிடம் கேட்பதே இல்லை. நாம் நிறுவும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் 10000 அல்லது அதற்கு மேற்பட்ட ஓர் எண் கிடைக்கிறது. தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதுபோல, கெர்னலே அந்த எண்ணைச் செய்தியின் மேல் பதித்துவிடுகிறது. அனுப்புபவர் அதில் கைவைக்க முடியாது. அழகான ஏற்பாடுதான்!

தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. ஒரே சமயத்தில் பலர் கேட்கக்கூடும் அல்லவா? அதற்காகப் பதில் சொல்லும் புரோகிராமில் பல 'இழைகள்' காத்திருக்கின்றன. வழக்கமாக 15 வரை. ஒரு கடையில் பல பணியாட்கள் நிற்பதைப் போல. முத்திரை எண், செய்தியை வாங்கிய இழையோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. அந்த இழை வேலையை இன்னோர் இழையிடம் தள்ளிவிட்டால் எண் கூடவே போகாது. புதிய இழை, "என்னை அழைத்தது யார்?" என்று கேட்டால் வரும் விடை என்ன தெரியுமா? "நீயேதான்!" காவல்காரன் தன்னையே சோதித்துக்கொண்டு, திருப்தியோடு கதவைத் திறந்துவிடுகிறான்.

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் டைம்ஷேர் நிறுவனத்தில் நடந்த ஒன்றை நார்ம் ஹார்டி 1988-ல் எழுதினார். அங்கே ஒரு கம்பைலருக்கு, புள்ளிவிவரம் குறித்துவைப்பதற்காக ஒரு கோப்பகத்தில் எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள். கட்டணக் கணக்குக் கோப்பும் அங்கேதான் இருந்தது. ஒரு பயனர், "வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது" என்று அந்தக் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். அவருக்கு உரிமை இல்லை; கம்பைலருக்கு இருந்தது. கணக்கு அழிந்தது. 'குழம்பிய பிரதிநிதி' என்று ஹார்டி இதற்குப் பெயர் வைத்தார்.

ஆண்ட்ராய்டில் அழைத்தவரின் அடையாளத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, சொந்த அதிகாரத்தில் வேலை பார்க்கவும் வழி உண்டு. இது தேவைதான். ஆனால் சோதனை முடியுமுன் ஒதுக்கினால், அல்லது திரும்ப எடுத்து வைக்க மறந்தால், அந்த அழைப்பில் எஞ்சிய சோதனைகள் எல்லாம் வெறும் சடங்கு. வழியில் பிழை நேர்ந்தாலும் அடையாளம் திரும்பும்படி எழுதவேண்டும்.

என் கருத்து இது: செய்தி வந்தவுடன், முதல் வேலையாக எண்ணைப் படித்துவிட வேண்டும். வேலை எந்த இழைக்குப் போனாலும் அந்த எண்ணையும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். "ஒவ்வொரு இடத்திலும் கூடுதலாக ஒரு மதிப்பைச் சுமப்பதா?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சுமக்கத்தான் வேண்டும், அந்தக் கம்பைலரிடம் இல்லாமற்போனது அது ஒன்றுதான்.