கரண்ட் பில்லில் வராத செலவு

சென்னை ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவரில் ஊதா விளக்கும் பச்சை விளக்கும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 1913-இல் திறந்த கட்டடம், வெள்ளைதான் அதற்கு அழகு. இந்த வாரம் சென்ட்ரல் பக்கம் போனபோது ஆட்டோக்காரர் கேட்டார்: "இதுக்கெல்லாம் கரண்ட் பில் எவ்ளோ சார் வரும்?"

எல்.இ.டி. வந்த பிறகு பில் அவ்வளவு பெரிய விஷயமில்லை. 2022 எரிசக்தி நெருக்கடியில் பாரிஸ்காரர்கள் ஈஃபில் கோபுரத்தை இரவு 1 மணிக்குப் பதிலாக 11.45-க்கே அணைத்தார்கள். அதில் மிச்சமாகும் என்று போட்ட கணக்கு, கோபுரத்தின் வருட மின்செலவில் சுமார் 4 சதவீதம்தான்.

பில்லில் ஏறாத செலவுதான் என்னை உறுத்துகிறது. அதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கு மேல்கூட இருக்கும். ஒன்றரை மாதம் கழித்து, மணல் குளிர்ந்த இரவில், கட்டைவிரல் நீளக் குஞ்சுகள் கும்பலாக மேலே வரும். தாய் கூட இருக்காது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நடக்கும். நிலவையும் நட்சத்திரத்தையும் வாங்கிக் காட்டும் கடல்தான் லட்சக்கணக்கான வருடங்களாக அவற்றுக்கு வெளிச்சமான பக்கம்.

இப்போது வெளிச்சம் ரோட்டுப் பக்கம். ஒரு குஞ்சு, அலைக்கு முதுகைக் காட்டியபடி, பஜ்ஜிக் கடை டியூப்லைட்டை நோக்கித் துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். திருப்பி வைத்தோம். மறுபடி கடைப்பக்கமே திரும்பியது. இப்படி ஏறிவருபவற்றை நாய் கவ்வும், டயர் நசுக்கும், மிஞ்சியதை வெயில் காய்ச்சிவிடும்.

1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் மாணவர்கள் சீசனில் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலோரம் கொண்டுபோய் விடுகிறார்கள். தூக்கம் கெட்டு அவர்கள் செய்யும் வேலையில் பாதி, நாம் ஸ்விட்சை அணைத்தால் தேவைப்படாது.

மாநகராட்சி ஏப்ரல் வரையாவது இரவு பதினொன்றுக்குக் கடலோர விளக்குகளை அணைக்கட்டும். ஈ.சி.ஆரில் கடல் பார்த்த வீடு உள்ளவர்களே, உங்கள் மொட்டைமாடி விளக்கை இன்றிரவே அணையுங்கள்.