பலகை வில்லும் முதுகுத் துணியும்

மரக்கடையில் ஒரு பலகையை வாங்கி, சில வாரங்கள் செதுக்கி, அதை வில்லாக மாற்றிவிடுவது அமெரிக்காவில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. 'பலகை வில்' என்றே அதற்குப் பெயர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இதில் ஈடுபடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடுவது சிவப்பு ஓக் என்னும் கடினமரம். விலை குறைவு, உலையில் உலர்த்தியே விற்பார்கள். கடையில் 'ஒன்றுக்கு இரண்டு' என்று கேட்டு வாங்கும் பலகையை வீட்டில் வந்து அளந்தால் முக்கால் அங்குலமும் ஒன்றரை அங்குலமும்தான் இருக்கும். உலர்ந்து, இழைத்த பின் மிஞ்சும் அளவு அது. கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

முதல் வில் செய்ய முனைவோருக்கு ஓர் அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. "பலகை எப்படி இருந்தாலும் சரி, முதுகில் துணியை ஒட்டிவிடு, முறியாது" என்பார்கள். இது தவறான அறிவுரை என்பது என் கருத்து. நாணை முழுக்க இழுத்திருக்கும்போது வில் முறிந்தால், துண்டுகள் தெறிப்பது இழுப்பவரின் முகத்தை நோக்கித்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வில்லை வளைக்கும்போது, எய்பவருக்கு அப்பால் உள்ள புறம் நீள்கிறது. அதை வில்லின் முதுகு என்பர். எய்பவரை நோக்கிய புறமாகிய வயிறு சுருங்குகிறது. இடையில் நீளவும் செய்யாத, சுருங்கவும் செய்யாத ஒரு தளம் உண்டு. முதுகு எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிடுவது எளிது. வில்லின் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 12 மி.மீ. தடிமனுள்ள வில் 75 செ.மீ. ஆரமுள்ள வட்டமாக வளைந்தால், 6-ஐ 750-ஆல் வகுக்க, 0.008 வருகிறது. அதாவது நூற்றுக்கு 0.8 பங்கு நீட்சி. இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மரம் ஏறக்குறைய ஒரு பங்கு நீண்டாலே அறுந்துவிடும். நன்றாகச் செய்த மரவில்லும் முறிவின் வாசலில்தான் வேலை செய்கிறது.

இந்த இழுப்பைத் தாங்குபவை மரத்தின் நார்கள். விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். நாரின் வழியே கோடரி இறங்கினால் கட்டை ஒரே அடியில் இரண்டாகும். நாருக்குக் குறுக்கே வெட்டினால் கை வலிக்கும். நார்களை அறுப்பது கடினம், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது எளிது. எனவே முதுகில் ஓடும் நார்கள் வில்லின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் எங்கேனும் ஒரு நார் சாய்ந்து மேற்பரப்பில் முடிந்தால், அங்கே இழுப்பு நாரை அறுக்க வேண்டியதில்லை. பக்கத்து நாரிலிருந்து பிரித்தாலே போதும்.

பழங்கால வில் கைவினைஞர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். பிளவு தானாகவே நாரின் வழியே போகும். மரம் வளைந்திருந்தால் கட்டையும் வளைந்து வரும். ஆனால் நார் அறுபடாது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் இடிபாடுகளில் யூ மரத்தாலான நீண்ட விற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றின் முதுகு மரத்தின் வெளிப்புற வெள்ளைக் கட்டை; வயிறு உள்ளிருக்கும் வைரக் கட்டை. இழுப்பைத் தாங்குவதும் அமுக்கத்தைத் தாங்குவதும் ஒரே மரத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

ரம்பத்துக்கு இந்த அறிவு கிடையாது. மரம் எப்படி வளைந்திருந்தாலும் அது நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போகும். பார்வைக்கு நேராக இருக்கும் பலகையில் நார் கோணலாக ஓடலாம். கடையில் வாங்குபவரின் முழு வேலையும் இந்தக் கோணலைக் கண்டுபிடிப்பதே.

கோணலால் எவ்வளவு நட்டம்? அமெரிக்க வனத்துறையின் ஆய்வுக்கூடம் வெளியிட்டுவரும் மரக் கையேட்டில் இதற்கு அட்டவணை உண்டு. நேரான நாருடைய மரத்தின் வளைவு வலிமையை 100 என்று கொண்டால், 20 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சாய்வுள்ள மரத்துக்கு அது 93. பத்துக்கு ஒன்று என்றால் 81. ஐந்துக்கு ஒன்று என்றால் 55. திடீர் அடியைத் தாங்கும் வலிமை இன்னும் வேகமாகக் குறைகிறது. பத்துக்கு ஒன்று சாய்வில் 62-தான். அமுக்கத்தைத் தாங்கும் வலிமையோ அதே சாய்வில் 99. ஆக, கோணல் நார் வயிற்றுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை, முதுகைத்தான் கெடுக்கிறது.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது அகன்ற பரப்பையும் இரு விளிம்புகளையும் தனித்தனியே பாருங்கள். ஆண்டு வளையங்கள் பரப்பின் மேல் ரேகைகளாகத் தெரியும். அந்த ரேகைகள் எல்லாப் பக்கங்களிலும் பலகையின் ஓரத்துக்கு இணையாக, நுனிமுதல் நுனிவரை ஓடினால் நல்லது. தீச்சுடர் போல, கோபுரம் போல அழகான வடிவங்கள் தெரிந்தால் வளையங்கள் அங்கே அறுபட்டிருக்கின்றன. அழகுக்காக வாங்க வேண்டாம். கணுவுள்ள பலகையும் வேண்டாம். ரேகை நேராக இருந்தும் நார் முறுக்கிக்கொண்டு போகும் மரங்கள் உண்டு. அதற்கு ஒரு பழைய சோதனை: பேனா மையை ஒரு சொட்டு பரப்பின் மேல் வையுங்கள். மை நாரின் வழியே நீண்டு பரவி, சாய்வைக் காட்டிவிடும். (சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் அடைபடாதவை. ஒரு சிறு துண்டின் ஒரு முனையில் வாய்வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் இது நடவாது.)

வெட்டுமுகத்தில் வளையங்கள் படுக்கையாக இருக்க வேண்டுமா, நிமிர்ந்திருக்க வேண்டுமா என்று சிலர் நெடுநேரம் வாதிடுவார்கள். நார் நேராக இருந்தால் எல்லாமே வில்லாகும். ஒரே அளவுள்ள பலகைகளுள் கனமானதை எடுங்கள், அது போதும்.

இனித் துணியின் கதைக்கு வருவோம். முதுகில் ஒட்டப்படும் எதையும் முதுகுப் பட்டை என்போம். லினன் துணி, பட்டு, பதப்படுத்தாத தோல், விலங்குகளின் தசைநார், ஹிக்கரி மரப்பட்டி, மூங்கில் பட்டி எல்லாம் இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. துணியின் நூல்கள் மேலும் கீழுமாக நெளிந்து நெய்யப்பட்டவை. முதுகு 0.8 பங்கு நீளும்போது அந்த நெளிவுகள் சற்று நிமிர்கின்றன. நூல் சிறிதளவே இழுபடுகிறது. பாரத்தில் பெரும்பங்கை மரமே சுமக்கிறது. துணியும் தோலும் செய்யும் உண்மையான உதவி வேறு. பரப்பில் ஒரு சிம்பு எழும்பப் பார்த்தால் அதை அமுக்கிப் பிடிக்கும். முறிந்தாலும் துண்டுகள் பறக்காமல் ஓரளவு தடுக்கும். பத்துக்கு ஒன்று என்று சாய்ந்த நாரை அவற்றால் நேராக்க முடியாது.

மூங்கில் பட்டி வேறு வகை. அதன் வெளித்தோலை ஒட்டி நார்கள் நெருக்கமாக, அறுபடாமல் ஓடுகின்றன. மெய்யாகவே பாரம் சுமக்கும். அப்படியானால் சிவப்பு ஓக்குக்கு மூங்கிலை ஒட்டிவிட்டால் தீர்ந்தது அல்லவா என்று கேட்பீர்கள். முதுகு விறைப்பானால், நீளவும் சுருங்கவும் செய்யாத அந்த இடைத்தளம் முதுகை நோக்கி நகர்ந்துவிடும். வயிறு முன்னைவிட அதிகமாகச் சுருங்க நேரும். மரத்துக்கு இழுப்பைவிட அமுக்கத்தில்தான் வலிமை குறைவு. நசுங்கிய வயிற்றில் குறுக்கே மெல்லிய மடிப்புக் கோடுகள் தோன்றும். நாணை அவிழ்த்த பின்னும் வில் வளைந்தே நிற்கும். அதனால் மூங்கில் பட்டிக்கு இப்பே போன்ற மிகக் கடினமான மரத்தை வயிறாக வைக்கிறார்கள், அல்லது மூங்கிலை மெல்லியதாகவும் குறுகலாகவும் சீவுகிறார்கள்.

அப்படியானால் துணியே வேண்டாமா? முதல் வில்லுக்குத் துணி ஒட்டுவதை நான் மறுக்கவில்லை. பட்டையே இல்லாமல் வில்லாக்கத் துணிவு வரும் பலகைக்குத்தான் துணி ஒட்ட வேண்டும் என்கிறேன். கடையில் இருபது பலகைகளைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தால், அடுத்த சரக்கு வரும்வரை காத்திருக்கலாம்.

என் பேச்சை அப்படியே நம்பவும் வேண்டாம். உங்கள் ஊர்த் தச்சரிடம் நல்ல கடினமரத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து 50 செ.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் உள்ள குச்சிகளை அவரையே அறுத்துத் தரச் சொல்லுங்கள். சில குச்சிகள் நாரின் வழியே இருக்கட்டும். சிலவற்றில் நார் ஐந்துக்கு ஒன்று சாய்ந்து, தடிமனின் ஊடே மேலிருந்து கீழாக இறங்கட்டும். சாய்ந்தவற்றுள் பாதிக்குக் கீழ்ப்புறத்தில் பருத்தித் துணியை வெள்ளைப் பசையால் ஒட்டி, மூன்று நாள் உலரவிடுங்கள். 40 செ.மீ. இடைவெளியில் இரு முட்டுகள் மேல் குச்சியை வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும்வரை சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கணக்கெழுதுங்கள். வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முகத்தைக் குச்சிக்கு அருகே கொண்டுபோகவும் கூடாது. குச்சியை 8 மி.மீட்டரைவிட மெல்லியதாக எடுத்தால் துணியும் பசையும் உள்ளதைவிடப் பெரிய உதவி செய்வதுபோல் காட்டும். ஒவ்வொரு வகையிலும் ஐந்து குச்சிகளையாவது முறித்துப் பார்த்த பிறகு சராசரி எடுங்கள். துணி ஒட்டிய சாய்வுக் குச்சி நேரான குச்சியை எட்டிப் பிடித்துவிட்டால், என் கருத்தை மாற்றிக்கொள்ள நான் தயார்.