மலத்துல ரத்தமா? ஆர்.என்.ஏ. டெஸ்ட்டுக்குக் காத்திருக்காதீங்க

1/ "ஒரே ரத்த டெஸ்ட்ல கேன்சரைக் கண்டுபிடிச்சிடலாமாமே, மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கறாங்களே, நெஜமாங்க டாக்டர்?" ஓ.பி.யில இப்ப அடிக்கடி வர்ற கேள்வி. பெருங்குடல் புற்றுநோயை வெச்சு பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ நம்ம டி.என்.ஏ.வுல புரதம் செய்யறதுக்கான குறிப்பு சுமார் 2 சதவீதம்தான். மீதியை ரொம்ப நாள் 'குப்பை'ன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. ஆனா அதுல இருந்தும் ஆர்.என்.ஏ. உருவாகுது. அதுல பலதும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும்னு கட்டுப்படுத்துது.

3/ அதுல சின்ன வகைதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்து. 1993ல் இதை ஒரு குட்டிப் புழுவில் கண்டுபிடிச்ச ஆய்வுகளுக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ல் மருத்துவ நோபல்.

4/ பெருங்குடல் புற்றுநோயில் மிர்-21 கூடுது. செல் கண்டபடி பெருகாம பிடிச்சு வெக்கிற பிரேக் மரபணுக்களை அது அமுக்கிடுது. மிர்-143, மிர்-145 ரெண்டும் குறையுது. இது 2003லயே தெரிஞ்ச விஷயம்.

5/ இதெல்லாம் ரத்தத்துலயும் மலத்துலயும் சுலபமா சிதையாம கிடைக்கும். டெஸ்ட் பேச்சு வர்றது அதனாலதான். சிக்கல் என்னன்னா, மிர்-21 வேற புற்றுநோய்கள்லயும் கூடும், குடல் புண்ணுலயும் கூடும். அளவிடும் முறையும் லேபுக்கு லேப் மாறுது. அதனால இன்னும் வழக்கமான சிகிச்சைக்குள்ள வரலை. யாராவது பேக்கேஜ்னு வித்தா காசைக் கொட்டாதீங்க.

6/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சேலம், நாமக்கல் பக்கம் பஸ் ஸ்டாண்டுகள்ல 'மூலம், பௌத்திரம்' போர்டைப் பார்க்காதவங்க உண்டா? மலத்துல ரத்தம் வந்தா, "கோழிக்கறி சூடுங்க"ன்னு ஒருத்தர். "லாரியில உக்காந்தே ஓட்றேன், மூலம்தான்"னு இன்னொருத்தர். இப்படியே மாசக்கணக்கு ஓடிடுது.

7/ மலக்குடலோட கீழ்ப்பகுதியில் இருக்கற கட்டி பல நேரம் டாக்டரோட விரலுக்கே தட்டுப்படும். கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு நிமிஷம். இதுக்குக் கூச்சப்பட்டுட்டு நோபல் வாங்கின டெஸ்ட்டைத் தேடறோம்.

8/ என் கருத்து: மேலை நாடுகள் மாதிரி எல்லாருக்கும் கொலனோஸ்கோபி இங்க தேவையில்லை, மேலை நாடுகளை விட இந்தியாவுல இந்த நோய் குறைவு. ஆனா நம்ம தேசிய ஸ்கிரீனிங்ல இருக்கறது வாய், மார்பகம், கருப்பைவாய் மட்டும். 2021ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்குது. அப்படியே "மலத்துல ரத்தம் போகுதா?"ன்னு ஒரு கேள்வி கேக்கலாம். ஆமான்னா, விரல் பரிசோதனைக்கு பி.எச்.சி., தேவைப்பட்டா கொலனோஸ்கோபிக்குப் பெரிய ஆஸ்பத்திரி.

9/ ஆர்.என்.ஏ. டெஸ்ட் நல்லபடியா நிரூபணமாகி வரட்டும், சந்தோஷமா எழுதித் தர்றேன். அதுவரைக்கும்: மலத்துல ரத்தம், மலம் கழிக்கற வழக்கத்துல மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறையறது, குடும்பத்துல யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் — இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. மூலம்தான்னு அவர் பரிசோதிச்சு சொல்லட்டும்ங்க.