யாருடைய ஆயுள்?

"கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றத் தேவையில்லை, அது ஆயுட்காலத்துக்குரியது" என்றார்கள் ஒரு கராஜில். யாருடைய ஆயுள் என்று கேட்டேன். பதில் இல்லை.

தானியங்கி கியர்பொக்ஸ்களைத் தயாரிக்கும் ஜேர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதை விற்பவன் மறைப்பானேன்? உத்தரவாதம் முடிந்தபின் உடைவதற்கு நாம்தானே பணம் கட்டவேண்டும்!

எனது பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்கு வீட்டிலேயே மாற்றினேன். நிரப்பும் திருகையே முதலில் கழற்றவேண்டும். அது இறுகியிருப்பதை அறியாமல் வடிக்கும் திருகைத் திறந்தவனின் கார் முற்றத்திலேயே கிடக்கும். வடிந்த ஒயில் கறுத்திருந்தது, உலோகத்தூள் மினுங்கியது. இதுவா ஆயுட்கால ஒயில்?

ரேடியேற்றருக்குக் கூலன்ற் எதற்கு, கிணற்றுநீர் போதும் என்போர் இன்னொரு சாரார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீர் கேத்தலுக்குள் படியவிடும் வெண்படிவை அவர்கள் கண்டதில்லையா? கூலன்றுடன் கலக்கத் தகுந்தது காய்ச்சி வடித்த நீரே.

ஒன்றில் மட்டும் கராஜ்காரர் பக்கம் நிற்கிறேன். பழைய கூலன்றை வாய்க்காலில் ஊற்றுவது குற்றம். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு; நக்கும் நாய் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

'தேவையில்லை' என்ற பதிலை நம்பாமலே பத்திரிகைத் தொழிலில் காலந்தள்ளியவன் நான். காருக்கு மட்டும் அதை ஏன் நம்பவேண்டும்?