தொலைவிலிருந்து வீட்டைப் பரிசோதித்தல்

முதியோர் வீட்டுக்குள் தடுக்கியும் வழுக்கியும் விழுவதைக் குறைக்க, அவர்கள் வாழும் இடத்தையே ஆராய்ந்து அபாயங்களை நீக்குவது பிரயோஜனமுள்ள மார்க்கம் என்பதில் தொழில்வழிச் சிகிச்சையாளர்களாகிய நமக்கு ஐயம் இருக்க நியாயமில்லை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய மாற்றங்களால் விழும் விகிதம் 26 சதவிகிதம் குறையக்கூடும் என்றும், முன்னமே விழுந்தோர் முதலிய அதிக அபாயமுடையோரிடத்தில் அக்குறைவு 38 சதவிகிதத்தை எட்டக்கூடும் என்றும் மதிப்பிடுகிறது. கொரோனா காலத்தில் வேறு வழியின்றிக் கைபேசியின் காணொலி வாயிலாகப் பலரும் செய்யத் தொடங்கிய இப்பரிசோதனை, சிகிச்சையாளர் எளிதில் சென்றடைய முடியாத ஊர்களிலுள்ள முதியோருக்கு இன்றும் உதவுவதை மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், காமிராவின் சுபாவத்தை அறியாமல் அது காட்டுவதை அப்படியே நம்புவது ஆபத்து. மங்கிய வெளிச்சத்தைக் கைபேசி தானாகவே பெருக்கிக் காட்டுவதால், நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து செல்லும் பாட்டி சுவரைத் தடவிக்கொண்டே கடக்கும் இருண்ட ரேழி, நம் திரையில் பிரகாசமாகத் தோன்றுகிறது. அகலக் கோண லென்ஸோ குறுகிய குளியலறையை விசாலமாக்கிவிடுகிறது. டைல்ஸ் தரையின் வழுக்கலும், கைப்பிடி பொருத்த வேண்டிய சுவரின் பலமும் படத்தில் அகப்படுபவையே அல்ல. ஆகவே, வாசலின் அகலத்தையும் நிலைப்படியின் உயரத்தையும் அளவு நாடா வைத்துக் காட்டச் சொல்வதும், இரவில் வழக்கமாக எரியும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, என்ன தெரிகிறதென்று முதியவரையே கேட்பதும் அவசியம்.

அதனினும் முக்கியம், அவர் அந்த வீட்டில் எப்படி எழுகிறார், நடக்கிறார், தண்ணீர் மொண்டு குளிக்கிறார் என்பது. மகனோ மருமகளோ கைபேசியைப் பிடித்துக்கொண்டு தாமே விடை சொல்லிவிடுவது வழக்கமாயிருக்கிறது. அவர்களுடைய சிரத்தை போற்றத்தக்கதே எனினும், முதியவர் தம் வாயால் சொல்லக் கேளாத பரிசோதனை பூர்த்தியானதாகாது. அவரை நடக்கச் சொல்லும்போது கைபேசியைப் பிடிக்க ஒருவரும், கைக்கெட்டும் தூரத்தில் நிற்க மற்றொருவரும் வேண்டும். ஒருவரே உடனிருந்தால் அப்பகுதியை ஒத்திவைப்பதே விவேகம்.

சென்ற ஓராண்டுக்குள் விழுந்தவர், மறதி நோயுற்றவர், தனியே வாழ்பவர் ஆகியோரின் வீட்டுக்கு நேரில் செல்வதற்குக் காணொலி ஈடாகாது என்பதே நம் தீர்ப்பு. தூரம் தடையாக உள்ள இடத்தில் அது முதற்படியாக மட்டும் இருக்கட்டும். தொலைவிலிருந்து செய்யும் ஒவ்வொரு பரிசோதனையின் அறிக்கையிலும், பார்த்தவற்றோடு பார்க்க இயலாதவற்றையும் தவறாமல் எழுதிவைக்குமாறு நம் துறையினரை வேண்டிக்கொள்கிறோம்.